திங்கள் முதல் வெள்ளி வரை



நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஒரு வாரத்தை எவ்வாறு கழிக்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று சிறிது நேரம் சிந்திப்போம். நம் நிரையில் எந்த மரம் மிகுதியாகப் பால் தரும், எந்த மரத்தின் பட்டை கெட்டுவிட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால், நம் வீட்டுப் பிள்ளை காலை முதல் நண்பகல் வரை அமர்ந்திருக்கும் வகுப்பறையில் என்ன நடைபெறுகிறது என்று கேட்டால், “வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்” என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். அதற்குக் காரணமும் உண்டு. பொழுது புலருமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது பள்ளிக்கூடமும் முடிந்துவிடுகிறது. பள்ளி நடக்கும் நேரமே நாம் வேலை செய்யும் நேரமாகவும் அமைந்துவிட்டது.

இந்தப் பள்ளிக்கூடம் நமக்கு எளிதில் கிடைத்ததன்று. இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816 ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கப்பட்ட ஒரு வகுப்பிலிருந்து புறப்பட்டது. எனினும், ரப்பர்த் தோட்டங்களுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்னும் கடப்பாட்டை நிர்வாகங்களின்மேல் வைத்தது. அக்காலப் பள்ளிகள் பலவும் லயத்தின் ஓரத்தில் ஒரே கொட்டகையாக இருந்தன. சில தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ தம் வேலை போக மீதி நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். சில ஆண்டுகள் படித்துக் கையெழுத்துப் போடத் தெரிந்தவுடன் பிள்ளையும் தாய் தந்தையரோடு நிரைக்குப் போய்விடுவதே வழக்கமாயிருந்தது.

1957 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பின் தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் இடம்பெற்றன. 1975 இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. 2003 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தொடக்கக் கல்வி கட்டாயக் கல்வியாயிற்று. இன்று லாபு, லின்சம், சிலியாவ், சுவா பெத்தோங், கெடிஸ், ஜெராம் பாடாங் எனத் தோட்டங்களின் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் நெகிரி செம்பிலானில் இருக்கின்றன. ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. மரம் மாறியும், மக்கள் இடம் பெயர்ந்தும், பள்ளியின் பெயர் மட்டும் பழைய தோட்டத்தை நினைவூட்டி நிற்கிறது.

இனி, அப்பள்ளியின் ஒரு வாரத்தைக் காண்போம்.

வாரத்தின் தொடக்கத்தில் சபை கூடும். பிள்ளைகள் வரிசையாக நின்று நாட்டுப் பண்ணும் மாநிலப் பண்ணும் பாடுவர். 1970 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவை உரக்கச் சொல்வர். தலைமையாசிரியர் அவ்வாரச் செய்திகளைச் சொல்வார். சீருடை, நகம், தலைமுடி பார்க்கப்படும். அதன்பின் வகுப்புத் தொடங்கும். அரைமணி நேரம் ஒரு பாடவேளை என்று கணக்கிட்டுத் தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், நன்னெறி, உடற்கல்வி, ஓவியம், இசை எனப் பாடங்கள் அடுத்தடுத்து வரும். நான்காம் ஆண்டிலிருந்து வரலாறும் சேரும். வாரத்தில் ஒரு நாள் சாரணர், விளையாட்டு முதலிய புறப்பாட நடவடிக்கைகள் நடைபெறும்.

தமிழ்ப் பாடத்தை மட்டும் எடுத்துக் கொள்வோம். இன்றைய பாடத்திட்டத்தில் அது ஐந்து கூறுகளாக அமைந்துள்ளது. கேட்டலும் பேச்சும் ஒன்று, வாசிப்பு ஒன்று, எழுத்து ஒன்று, செய்யுளும் மொழியணியும் ஒன்று, இலக்கணம் ஒன்று. இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு தலைப்பைப் பற்றி முதலில் பேசிய பிள்ளை, மறுநாள் அதைப் பற்றி வாசிக்கிறது, அதற்கடுத்து எழுதுகிறது, பின்னர் ஒரு செய்யுளையோ பழமொழியையோ கற்கிறது, முடிவில் இலக்கணத்திற்கு வருகிறது. இவ்வாறு ஒரு வாரப் பாடம் ஐந்து கண்ணிகள் கோத்த சங்கிலியாகிறது.

அறிவியல் வகுப்பிலும் இப்படித்தான். திங்களன்று ஈரப் பஞ்சில் பச்சைப்பயற்றை இடுகிறார்கள். ஓரிரு நாளில் தோல் வெடித்து வேர் தலைகாட்டுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் முளை நிமிர்ந்துவிடுகிறது. நாள்தோறும் பார்த்து, அளந்து, வரைந்த பிள்ளைக்கு விதை எவ்வாறு செடியாகிறது என்பது கண்ணால் கண்ட உண்மை. இடையில் இரண்டு நாள் வராத பிள்ளைக்கோ, பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து வரைந்த படம் மட்டுமே மிஞ்சுகிறது.

பள்ளிக்கு வாராமையின் இழப்பு இங்குத்தான் தொடங்குகிறது. வாரத்தில் ஒரு நாள்தானே என்று நாம் எண்ணுகிறோம். கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். பள்ளி ஆண்டில் ஏறக்குறைய 40 வாரங்கள். வாரத்திற்கு ஒரு நாள் நின்றால் ஆண்டுக்கு 40 நாள், அதாவது 8 பள்ளி வாரங்கள். ஆறு ஆண்டுகளில் 240 நாள். ஒரு முழுப் பள்ளி ஆண்டுக்கே ஏறத்தாழ 200 நாள்தான். ஆகவே, ஆறாண்டு படித்ததாக நாம் நினைக்கும் பிள்ளை உண்மையில் ஐந்தாண்டுக்கும் குறைவாகவே படித்திருக்கும். அந்தப் பிள்ளை திங்கள்தோறும் நிற்குமானால், ஒவ்வொரு வாரமும் சங்கிலியின் ஒரே கண்ணி அறுந்து கொண்டிருக்கும்.

முன்னாளில் ஆறாம் ஆண்டின் இறுதியில் வரும் தேர்வுக்குச் சில மாதம் விழுந்து விழுந்து படித்தால் போதும் என்ற எண்ணம் சிலருக்கு இருந்தது. 1988 முதல் நடந்து வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன்பின் வகுப்பறை மதிப்பீடு முதன்மை பெற்றது. பிள்ளை என்ன அறிந்தது, எதனைச் செய்து காட்டியது என்பதை ஆசிரியர் பாடம் நடத்தும்போதே கவனித்து, ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவு நிலைகளில் பதிவு செய்கிறார். வகுப்பில் இல்லாத பிள்ளையை எந்த ஆசிரியரால் கவனிக்க முடியும்?

நம் தோட்டப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைவு. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே பார்த்துக் கொள்வார் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் மற்றொரு பக்கமும் இருக்கிறது. மாணவர் தொகை மிகவும் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டு வகுப்பு நடத்துகிறார்கள். ஒரே அறையில் ஒரு பக்கம் ஒன்றாம் ஆண்டு, மறுபக்கம் இரண்டாம் ஆண்டு. ஆசிரியர் ஒரு பிரிவுக்கு வாய்மொழியாகப் பாடம் சொல்லும்போது மற்றப் பிரிவு எழுத்துவேலை செய்து கொண்டிருக்கும். பின்னர் முறை மாறும். இந்த ஏற்பாட்டில் நேற்று வராத பிள்ளைக்கு மீண்டும் பாடம் சொல்ல வேண்டுமானால், அது மூன்றாவது வகுப்பாகிவிடும். சிறிய பள்ளியில் ஒரு பிள்ளை வராவிட்டால் அதன் வேலை முழுவதும் ஒரே ஆசிரியரின் தோள்மேல் விழுகிறது.

பிள்ளையின் சுமையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் 247 எழுத்துகள். மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் ரோமன் எழுத்துகள் 26. எழுத்து ஒன்றாயினும் அவ்விரு மொழிகளிலும் ஒலி வேறுபடும். ஏழு வயதுப் பிள்ளை இவ்வளவையும் ஒருசேரப் பழகுகிறது. இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் பயிற்றுமொழி மலாயாகிவிடும். மலாயில் தேவையான தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகச் செலவிட்டதை நம் குடும்பங்கள் நன்கு அறியும். பதின்மூன்று வயதில் ஓராண்டு பின்தங்குவது பெரிய இழப்பு. படிப்பை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பிள்ளைக்குத் தோன்றும் பருவமும் அதுவே.

படிப்பினால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன பயன் என்று கேட்பாரும் உளர். நம் கூலிக் கணக்கே அதற்கு மறுமொழி கூறும். நாற்பது கிலோ பால் கொண்டுபோய் நிறுத்தால், அது முழுவதும் ரப்பர் அன்று. நூற்றுக்கு 30 பங்கு உலர் ரப்பர் எனில் 12 கிலோ. நூற்றுக்கு 35 எனில் 14 கிலோ. பாலின் அளவு ஒன்றே. மானி காட்டும் எண் மாறினால் ரப்பரின் எடை 2 கிலோ மாறிவிடுகிறது. இந்த விழுக்காட்டுக் கணக்கை நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலேயே கற்கிறார்கள். இதனைப் போடத் தெரிந்தவர் கூலிச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகவே விளக்கம் கேட்க முடியும். 1946 இல் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் எழுந்ததும், பல மாநிலச் சங்கங்கள் ஒன்றுகூடி 1954 இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்ததும், எழுத்தும் கணக்கும் அறிந்தோர் நம்மிடையே இருந்தமையால் கைகூடியவை. பிள்ளை தோட்டத்தில் இருப்பினும், நகரத்திற்குச் செல்லினும், கணக்கறிவு அதற்குக் காவலாக நிற்கும்.

பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்கு நம் வீடுகளில் உள்ள காரணங்கள் பொய்யானவை அல்ல. மழை பெய்தால் செம்மண் சடக்கு சேறாகிறது. ஒரே இணைக் காலணியும் நனைந்துவிடுகிறது. சம்பளம் போட்ட மறுநாள் குடும்பமாகப் பட்டணம் போக வேண்டியிருக்கிறது. கைப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையெனில் அக்காவை வீட்டில் நிறுத்துகிறோம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிகவும் வருந்தத்தக்கது. தம்பி பள்ளிக்குப் போக, அக்காள் தொட்டிலை ஆட்டிக் கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்பிள்ளை இழக்கும் நாள்களை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

இவற்றிற்கு நம் கைக்கு எட்டிய வழிகள் உண்டு. முதலாவது, பட்டணப் பயணத்தையும் மருத்துவமனைத் தவணையல்லாத மற்ற வேலைகளையும் சனி, ஞாயிறுக்கு ஒதுக்கி வைப்போம். இரண்டாவது, வேலைக்குச் செல்லாத ஒரு பாட்டியோ சித்தியோ லயத்திற்கு ஒருவராயினும் இருப்பார். கைப்பிள்ளையை ஒருநாள் அவரிடம் ஒப்படைக்கவும், காலையில் பிள்ளைகளை எழுப்பி அனுப்பி வைக்கவும் அண்டை வீட்டார் முறைவைத்துக் கொள்வோம். மூன்றாவது, புத்தகப் பையையும் சீருடையையும் இரவிலேயே எடுத்து வைத்துவிடுவோம். தாய் தந்தையர் பெரட்டுக்குப் போன பிறகு தானே எழுந்து புறப்படும் பிள்ளைக்கு அது பேருதவி. நான்காவது, உண்மையாகவே நோயுற்று நின்றால், பள்ளிக்குத் திரும்பும் நாளில் ஆசிரியரிடம் ஒரு சொல் சொல்லி அனுப்புவோம். எந்தப் பாடம் விட்டுப்போயிற்று என்று அவர் குறித்துக் கொடுப்பார்.

இளங்கன்று நட்ட நாளிலிருந்து கத்தி வைக்கும் நாள் வரை ஏறக்குறைய ஆறாண்டு காத்திருக்கிறோம். அந்த ஆறாண்டும் ஒரு சொட்டுப் பால் கிடையாது. ஆயினும் சுற்றுத் தவறாமல் களை எடுக்கிறோம், உரம் இடுகிறோம். சுற்றுகள் தவறிய மரம் உயரமாக வளர்ந்திருப்பினும் தண்டு பருக்காமல் நிற்கும். அளவுநாடா வைத்துப் பார்த்தால் இன்னும் வெட்டுக்கு வரவில்லை என்பார்கள். நம் பிள்ளைகளின் தொடக்கக் கல்வியும் ஆறாண்டுதான். மரத்துக்குத் தவறாமல் செய்வதை மகளுக்கும் மகனுக்கும் செய்யச் சொல்லி யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

தமக்கு எழுத்துத் தெரியாது, பிள்ளையின் படிப்பை எப்படிப் பார்ப்பது என்று தயங்கும் தாய்மாரும் தந்தையரும் நம்மிடையே இருக்கலாம். அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகள் ஏட்டில் எழுதத் தொடங்குமுன் பக்கத்தின் மேற்பகுதியில் அன்றைய தேதியை எண்ணால் எழுதுவது பள்ளி வழக்கம். வெள்ளிக்கிழமை மாலை, குளித்து உண்ட பிறகு, பிள்ளையை அருகில் அமர்த்தி ஏடுகளைத் திறக்கச் சொல்வோம். அந்த வாரத்துத் தேதிகளை ஒவ்வொன்றாக எண்ணுவோம். ஐந்தும் இருந்தால், எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்போம். ஒன்று குறைந்தால், அன்று என்ன நேர்ந்தது என்று அன்போடு கேட்டு, திங்கட்கிழமை ஆசிரியரைக் கண்டு அந்தப் பாடத்தைக் கேட்டு எழுதி வரச் சொல்வோம். இதற்குக் கால் மணி நேரம் போதும். வருகிற வெள்ளிக்கிழமையே இதனைத் தொடங்குவோம்.