சிசேரியன் தையலை யார் பார்க்கிறது?

வழக்கமா இங்க வேலை, சம்பளம், அப்ரைசல்னு புலம்புவோம். இன்னைக்கு ஒரு தையலைப் பத்திப் பேசணும். என் மனைவியோட சிசேரியன் தையல். அவகிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். “பேசு, ஆனா நீ லேட்டா வந்ததையும் சேர்த்துச் சொல்லு”ன்னா.

அஞ்சாவது நாள் டிஸ்சார்ஜ் ஆகி, அவ மதுரையில அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் சென்னைக்கு வந்துட்டேன். தினமும் வீடியோ கால். குழந்தை எத்தனை தடவை பால் குடிச்சான், எத்தனை டயப்பர், எல்லாத்துக்கும் ஒரு ஷீட் போட்டு வச்சிருந்தேன். அதுல தையலுக்குன்னு ஒரு கட்டம்கூட கிடையாது. கேட்டா “பரவாயில்ல”ம்பா. நானும் விட்டுடுவேன்.

ஒன்பதாவது நாள், சனிக்கிழமை, போய் இறங்கறேன். லேசான காய்ச்சல். “பால் கட்டியிருக்கும் மாப்பிள்ளை”ன்னாங்க அத்தை. ஆனா நைட்டியில அடிவயிறு பக்கம் ஈரமா ஒரு கறை. தையலை யாராவது பார்த்தீங்களான்னு கேட்டேன். யாருமே பார்க்கல! அவளால பார்க்க முடியாது, வயித்து மடிப்புக்குக் கீழ இருக்கு. அத்தைகிட்ட காட்ட அவளுக்குக் கூச்சம். அத்தைக்கும் கூச்சம். மஞ்சள் தூளைப் போட்டு, வயிறு உள்ள போகணும்னு பழைய காட்டன் புடவையை இறுக்கிக் கட்டியிருந்தாங்க.

போன் டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஒரு ஓரம் சிவந்து, வீங்கி, தொட்டா சூடா, சீழோட இருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே டாக்டர்கிட்ட ஓடினோம். தோலுக்கு அடியில மட்டும்தான் இன்ஃபெக்‌ஷன், உள்ள போகலன்னாங்க. ஆன்டிபயாடிக், தினம் டிரஸ்ஸிங்னு ரெண்டு வாரம் ஓடுச்சு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல நூறு பிரசவத்துல கிட்டத்தட்ட 45 சிசேரியன். அப்படிப் பார்த்தா இது உங்க வீட்டுலயும் நடக்கப்போற விஷயம்தான். வெளிய தெரியற கோடு 10-15 சென்டிமீட்டர் இருக்கும். ஆனா தோல், கொழுப்பு, அதுக்குக் கீழ கெட்டியான சவ்வு, கர்ப்பப்பைன்னு பல அடுக்கை வெட்டித் தைச்சிருக்காங்க. மேல தோல் ரெண்டு வாரத்துல மூடிடும். உள்ள ஆற ஆறு வாரமாவது ஆகும். “மேல ஆறிடுச்சே”ன்னு தண்ணிக் குடத்தைத் தூக்கக் கூடாது. குழந்தையைவிட கனமான எதுவும் வேண்டாம்.

பராமரிப்புன்னு பார்த்தா சிம்பிள்தான். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தொடணும். டிரஸ்ஸிங் எடுத்ததும், டாக்டர் சரின்னா, தினம் குளிக்கலாம். தண்ணி மேல ஓடினா போதும், தேய்க்க வேண்டாம். அப்புறம் சுத்தமான துண்டால ஒத்தி எடுக்கணும். நம்ம ஊரு வெயிலுக்கு அந்த மடிப்புல வேர்வை நிக்கும், அதுதான் வில்லன். மல்லாந்து படுத்து, ஃபேனைப் போட்டுப் பத்து நிமிஷம் காத்து படவிட்டா நல்லது. உள்ளாடை இடுப்புக்கு மேல வர்ற காட்டன். பவுடர், எண்ணெய், மஞ்சள் எதுவும் காயத்துல வேண்டாம். மஞ்சள் நல்லதுதான், குழம்புல. இருமல், தும்மல் வந்தா தலையணையை வயித்துல அணைச்சுக்கிட்டா வலி குறையும்.

இன்னொரு சண்டை பத்தியச் சாப்பாடு. சீழ் வைக்கும்னு முட்டை, மீனை நிறுத்தி, தண்ணியையும் குறைச்சிருந்தாங்க. புண் ஆற புரதம் வேணும். தண்ணி குறைஞ்சா மலச்சிக்கல், முக்கினா தையல்ல உயிர் போற வலி. அத்தைகிட்ட நான் பேசி எடுபடல. டாக்டர் சொன்னதும் மறுநாளே முட்டை வந்துடுச்சு.

அப்பாக்களே, உங்க வேலை இதுதான்: தினம் ஒரு தடவை, அவங்க சம்மதத்தோட, நல்ல வெளிச்சத்துல பாருங்க. நான் அவ போன்லயே ஒரு போட்டோ எடுத்து, நேத்து போட்டோவோட ஒப்பிட்டேன். சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ, நாத்தமோ சீழோ வந்தாலோ, தையல் விரிஞ்சாலோ, வலி குறையாம ஏறினாலோ, 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். ரத்தப்போக்கு திடீர்னு அதிகமானாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் அப்படித்தான்.

இப்போ அஞ்சு மாசம். தழும்பு இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்கு, மேல் பக்கம் மரத்த மாதிரி இருக்குங்கறா. நரம்பு ஆற மாசக்கணக்குல ஆகுமாம். தடிச்சு வளர்ந்தா மட்டும் காட்டச் சொல்லியிருக்காங்க. நேத்து அவளே கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு, “இவ்ளோ சின்னதா?”ன்னு கேட்டா.