பொற்கிழியும் ஒரு கேள்வியும்



ஆவணி மூலப் பெருவிழாக் காலத்தில் ஆலவாய் அண்ணலின் திருவிளையாடல்களைக் கேட்டு மகிழ்வது நம் மரபு. அவற்றுள் தருமிக்குப் பொற்கிழி அருளிய வரலாற்றை இன்று சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

கதை யாவரும் அறிந்ததே. பாண்டியன் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்கும் பாடலுக்குப் பரிசாக ஆயிரம் பொன் பொதிந்த கிழியைச் சங்க மண்டபத்தில் தொங்கவிட்டான். தாய் தந்தையரை இழந்த ஏழைப் பிரமசாரியாகிய தருமி, சொக்கேசப் பெருமான் திருமுன் நின்று முறையிட்டான். பெருமானும் இரங்கிப் பாடலொன்று அருளினான். அதனை அவைக்குக் கொண்டு சென்ற தருமி கிழியை அறுக்கப் புகுந்த வேளையில், நக்கீரர் தடுத்து, பாடலில் பொருட்குற்றம் உண்டு என்றார். தருமி யாது செய்வான்? மறுமொழி ஒன்றும் கூற இயலாமல் கோயிலுக்குத் திரும்பினான்.

இவ்விடத்தில் மாணவர் ஒருவர் எழுந்து நம்மைக் கேட்கலாம். “பிறர் பாடலைக் கொண்டு சென்றவனுக்கு இறைவனே துணை நின்றான். தேர்வில் பார்த்தெழுதும் எங்களை மட்டும் கடிவது ஏன்?” நியாயமான கேள்வி. மழுப்பாமல் விடை கூறுவோம்.

தருமி பெற்றது உரியவன் மனமுவந்து ஈந்த பொருள். குற்றம் சாற்றப்பட்டபோது அவ்வுரியவனே புலவனாக அவைக்கு எழுந்தருளி, அது தன் பாடல் என்று ஏற்று வாதிட்டான். குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக, இறையனார் பெயராலேயே அது இன்றளவும் விளங்குகிறது. திருட்டுக்கு அங்கே இடமில்லை. ஆயினும் ஓர் உண்மையை அவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. பிறர் சொல்லை ஏந்திச் செல்பவன், அச்சொல்லைப் பற்றிய முதற் கேள்வியிலேயே நின்றுவிடுகிறான். விடை கூறச் சொல்லுக்குரியவனே வரவேண்டியிருக்கிறது. தேர்வறையில் பார்த்தெழுதிய பிள்ளைக்கு நாளை யார் வருவார்?

இனி, மாணவர் ஏன் இந்நெறி தவறுகின்றனர் என்று ஆராய்வோம். சோம்பல் ஒரு காரணமே. ஆனால் அது ஒன்றே அன்று. அமெரிக்க நாட்டில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, 1928-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே மற்றோரிடத்தில் ஏமாற்றியது. சூழ்நிலைக்கு ஏற்பவே பிள்ளைகளின் ஒழுக்கம் பெரிதும் மாறிற்று. அறநெறி வகுப்புக்குச் செல்வதனால் மட்டும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. திருவிழா மேடையில் அறம் பேசும் நமக்கு இது கசப்பான செய்திதான். ஆயினும் மருந்தெனக் கொள்வோம். கேட்ட அறம் காதோடு நின்றால் தேர்வறையில் உதவாது.

மெக்கேப், டிரெவினோ என்னும் ஆய்வாளர்கள் 1993-இல் மற்றொரு காரணத்தை எடுத்துக்காட்டினர். உடன் பயிலும் பிறரும் ஏமாற்றுகின்றனர் என்னும் எண்ணமே கல்லூரி மாணவரைத் தவறத் தூண்டும் வலிய காரணமாக இருந்தது. “எல்லாரும் செய்கிறார்கள்; நான் மட்டும் ஏமாளியா?” என்பதே அப்பிள்ளையின் மனக்குரல். இக்குரல் நமக்குப் புதியதன்று. நாம் கடையிலும் அலுவலகத்திலும் அன்றாடம் சொல்லுவதையே பிள்ளை பள்ளியில் சொல்லுகிறது.

2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பீகார் மாநிலத்து வைசாலி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்தது. பள்ளிக் கட்டடத்தின் சுவரில் உறவினர் பலர் தொற்றி ஏறிச் சாளரங்கள் வழியே விடைச் சீட்டுகளை நீட்டிய படம் உலகெங்கும் பரவிற்று. நாமும் பார்த்து நகைத்தோம். நகைப்பதற்கு நமக்கு உரிமை உண்டா? மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், “இன்று என்ன கற்றாய்?” என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? “எத்தனை மதிப்பெண்? அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?” என்பதன்றோ நம் கேள்வி! மதிப்பெண் குறைந்தால் வீட்டில் அன்பும் குறையும் என்று பிள்ளை அஞ்சுமாயின், நாமும் அச்சுவரில் ஏறி நிற்பவரே ஆவோம்.

விளைவு யாது? அப்பீகாரிலேயே 2016-இல் பன்னிரண்டாம் வகுப்புக் கலைப்பிரிவில் முதலிடம் பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாணவி, அரசியல் அறிவியல் எதைப் பற்றியது என்று கேட்ட செய்தியாளரிடம், சமையலைப் பற்றியது என்றார். ஒரே கேள்விதான்! கிழி கையைவிட்டு நழுவிற்று. மறுதேர்வு நடந்தது, முடிவு நீக்கப்பட்டது, அம்மாணவி சிறை புகுந்தார். தேர்வு வாரியத் தலைவராயிருந்தவரும் கைதானார். இறைவன் எழுந்தருளிய இடத்தில் அன்று காவலர் வந்தனர். அப்பெண்ணை இகழ்வதற்காக நாம் இதனைக் கூறவில்லை. தமக்கு உரியதல்லாத கிழியைப் பிள்ளையின் கையில் திணிக்கும் பெரியோர் யாவர் என்பதை எண்ணுவதற்காகவே கூறுகிறோம்.

அகப்படாதவன் தப்பினான் என்று கருதற்க. முதற்படியைக் கல்லாதவன் இரண்டாம் படியில் தடுமாறுவான். அதனை மறைக்க மீண்டும் பிறர் ஏட்டைத் தேடுவான். நோயாளியின் படுக்கையருகே மருத்துவனாக நிற்கும்போதும், பாலத்தின் சுமையைக் கணக்கிடும் பொறியாளனாக அமரும்போதும் கேள்வி வந்தே தீரும். அங்கே அவன் தோற்பின், அத்தோல்விக்கு விலை கொடுப்பவர் பிறர்.

நேர்மையாகப் பயின்றவருக்கும் இதனால் தீங்கு உண்டு. 2024-ஆம் ஆண்டு மே 5 அன்று நடந்த நீட் தேர்வின் வினாத்தாள் கசிவு வெளிப்பட்டபோது, 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் சூலைத் திங்கள் வரை கலங்கி நின்றனர். அவ்வாண்டு சூன் 18-இல் நடந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதித் தேர்வு மறுநாளே நீக்கப்பட்டது. ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு அது! கசிந்ததாகக் காட்டப்பட்ட படம் திருத்தப்பட்ட போலி என்று பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. நம்பிக்கை சிதைந்த நாட்டில், ஒரு பொய்ப் படமே அத்தனை பேர் உழைப்பையும் வீணாக்கப் போதுமாயிற்று.

இக்காலத்தில் கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் கணினியும் வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுத் தருமிக்கும் ஓலை கிடைக்கிறது. ஐயம் தெளிய அதனிடம் கேட்பது வேறு. அது தந்ததைத் தனதென்று நீட்டுவது வேறு. நக்கீரர் கேட்கும்போது அக்கணினி அவைக்கு வந்து வாதிடாது.

பரிகாரம் என்ன? 2024-இல் நடுவணரசு முறைகேடுகளைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வினாத்தாளை விற்பவருக்குச் சிறையும் தண்டமும் வேண்டற்பாலனவே. ஆனால் பிழைத்த மாணவனுக்குத் தண்டனை மட்டும் போதாது. திருவிளையாடற் புராணத்தை மேலும் படியுங்கள். நக்கீரர் செய்த பிழை வேறு. அவர் இறைவனோடு வாதிட்டு வெப்பம் தாங்காது பொற்றாமரையில் வீழ்ந்தார். பெருமான் அவரைக் கரையேற்றியதோடு நில்லாமல், அகத்திய முனிவரைக் கொண்டு இலக்கணமும் கற்பித்தான். கரையேற்றிய படலத்தை அடுத்து வருவது கற்பித்த படலம்! பிழைத்தவனை ஒதுக்கி விடுதல் எளிது. மீண்டும் பாடம் சொல்லி நிமிர்த்துதலே அருள்நெறி.

மாணவச் செல்வங்களே! தெரியாத வினாவைத் தெரியாது என்று விட்டுவருவது இழிவன்று; நாளை கற்றுக்கொள்ள அது வழிவிடும். பெற்றோர்களே! குறைந்த மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையை முகம் மலர்ந்து வரவேற்று, எங்கே தடுமாறினாய் என்று அருகிருந்து கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! மனப்பாடத்தை மட்டும் கேட்காமல், பொருளுணர்ந்தவன் மட்டுமே விடையளிக்கக்கூடிய வினாக்களைக் கேளுங்கள்.

அவையில் எழும் கேள்விக்குத் தாமே நிமிர்ந்து நின்று விடை கூறும் ஆற்றலை நம் பிள்ளைகளுக்கு ஆலவாய் அண்ணல் அருள்வானாக!