கிணற்றடியில் பிரெஞ்சு

உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம், திண்டிவனம் வழியாகப் போனால் புதுச்சேரி. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த ஊர். கடற்கரைப் பக்கத் தெருப் பலகைகளில் இன்றும் தமிழோடு பிரெஞ்சு உண்டு. பிளஸ் டூவில் அதை மொழிப்பாடமாக எடுக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் படிப்பது அன்றாட வேலைகள்தான். 'ஜ மெ லேவ்' என்றால் எழுந்திருக்கிறேன். 'ஜ மெ லாவ்' என்றால் உடம்பு கழுவிக்கொள்கிறேன். ஓர் எழுத்து மாறினால் பாயிலிருந்து கிணற்றடிக்கே போய்விடலாம்!

நடுவில் அந்த 'மெ' எதற்கு? அதை எடுத்துவிட்டு 'ஜ லாவ்' என்று சொன்னால், பாத்திரமோ துணியோ கழுவுவதாக ஆகிவிடும். கழுவுகிறேன், கழுவிக்கொள்கிறேன் என்று நாம் சொல்கிறோமே, அதே வித்தியாசம். தலை சீவிக்கொள்வதற்கும் 'மெ' வரும்; உடுத்திக்கொள்வதற்கு அது 'ம்' என்று சுருங்கி வரும். சாப்பிடுவதற்கு வராது, 'ஜ மான்ஜ்', அவ்வளவுதான்.

பரீட்சைக்கு உருப்போடுகிற பிள்ளைகளே, புத்தகத்தை மூடிவிட்டு, அந்தந்த வேலையைச் செய்யும்போதே அந்தந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரெஞ்சும் நாப்பழக்கம்தான். பாட்டி திரும்பிப் பார்த்தால், அவருக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள்!