முதலுதவிப் பெட்டி மலைக்கு வர வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளவிக் கொட்டைப் பற்றி மலையில் கொழுந்து எடுக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. கொட்டிய பிறகு வரும் முதல் அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மேல் டிவிசனில் ஒருவருக்குக் கொட்டினால், படங்கில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவருவதற்கே அந்த அரை மணி போய்விடும். பிறகுதான் லொறி, பிறகுதான் ஆஸ்பத்திரி. சிலருக்கு ஒரே கொட்டில் மூச்சு அடைத்து மயக்கம் வரும். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. ஊசி இருக்கும் இடம்வரை அவரை உயிரோடு கொண்டுசேர்ப்பது பக்கத்தில் நிற்பவரின் கையில் இருக்கிறது.

கூடு கலைந்தால் கையை வீசி விரட்டாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு தூர ஓடுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். வீக்கம் வருமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தலை சுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்காரவையுங்கள். நினைவு இழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பல கொட்டு வாங்கியவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று லயத்துக்குப் போகப் பார்ப்பார். விடாதீர்கள். ஓரிரு நாள் கழித்தும் சிறுநீரகம் பழுதாகலாம். அவரை ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், டிவிசன், வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் மூன்றையும் சொல்லுங்கள். அந்தச் சந்தியில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

இதெல்லாம் ஒரே நாளில் பழகக்கூடியவை. ஆனால் பழக்குவது யார்? 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் முதலுதவிப் பெட்டி வைக்கச் சொல்கிறது. அது தொழிற்சாலைக்கான சட்டம். பெட்டி கீழே தொழிற்சாலையில் இருக்கிறது, கொட்டு வாங்குகிறவள் மேலே மலையில் நிற்கிறாள். சட்டம் மலைக்கு வரும்வரை நாம் காத்திருக்க முடியாது. நிர்வாகத்திடம் மூன்று விசயங்களைக் கேட்போம்.

ஒன்று, கொழுந்தெடுக்கும் ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேருக்கு முதலுதவிப் பயிற்சி. இரண்டில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இரண்டு, பயிற்சி நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் சும்மா வரச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள், வரவும் தேவையில்லை. இது வேலையோடு சேர்ந்தது. மூன்று, குழு போகும் மலைக்கெல்லாம் ஒரு பெட்டியும் ஒரு ஸ்ட்ரெச்சரும் கூடவே போக வேண்டும்.

இன்னொன்று. யாருக்கு, எந்த மலையில், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்பதை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கும்போது அந்தப் பக்கம் பேசும்.

துரையிடம் வெறுங்கையோடு போகாமல் பெயர்ப் பட்டியலோடு போவோம். இன்று கலைந்து போகுமுன் ஒவ்வொரு டிவிசனும் இரண்டு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.