கஞ்சாவும் பதின்ம வயது மூளையும்: பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது

(மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போதை பற்றிய கூட்டம்னா "தொடாதே, கெட்டுப்போவாய்"னு சொல்லிட்டு டீ, பிஸ்கட் கொடுத்து அனுப்பிடுவாங்கன்னு நினைச்சு வந்திருப்பீங்க. டீ உண்டு. ஆனா அதுக்கு முன்னாடி, மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்ப்போம். ஏன்னா இப்போ பிள்ளைங்க கேட்கிற கேள்வியே வேற மாதிரி இருக்கு. "செடிதானே, இயற்கைதானே?" "பீரியட்ஸ் வலிக்கு நல்லதாமே?" ரீல்ஸ்ல யாரோ சொல்லியிருக்காங்க. அரளியும் செடிதான், அதை யாரும் அரைச்சுக் குடிக்கச் சொல்றதில்லை.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். அது மூளையில் சி.பி.1 என்ற ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஏற்பிகள் கஞ்சாவுக்காக உருவானவை அல்ல. நம் உடம்பே இதற்கான பொருளைத் தயாரிக்கிறது. 1992-ல் அதைக் கண்டுபிடித்தவர்கள், 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும்போது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை இதற்கு. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நொடியில் சுரந்து உடனே கரைந்துவிடும். டி.எச்.சி. அப்படி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஒட்டும், நீண்ட நேரம் நிற்கும். கொழுப்பில் கரைவதால் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும்.

பெரியவர்களுக்கே இது தொந்தரவு. பதின்ம வயதில் ஏன் கூடுதல் கவலை? அந்த வயதில் மூளை இன்னும் கட்டி முடியாத வீடு. வேண்டாத இணைப்புகளை வெட்டி, வேண்டியதை உறுதிப்படுத்தும் வேலை நடந்துகொண்டே இருக்கும். முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதி முழுசா முதிர்வதற்கு 25 வயது வரைகூட ஆகும். அந்தக் கட்டுமானத்தை வழிநடத்துவதில் ஆனந்தமைடுக்கும் பங்கு உண்டு. வயரிங் நடக்கும்போது வெளியாள் வந்து சுவிட்சைத் தட்டினால் எப்படி இருக்கும்?

இப்போ பெண் ஹார்மோன் எங்கே வருதுன்னு கேட்பீங்க. ஈஸ்ட்ரோஜன் கருப்பையோடு நின்றுவிடுகிற சமாச்சாரம் இல்லை. அது மூளையிலும் வேலை செய்கிறது. இந்த ஆனந்தமைடு அமைப்பையும் ஏற்றி இறக்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், டி.எச்.சி.க்கு ஆண் எலிகளைவிடப் பெண் எலிகள் அதிகம் வசப்பட்டன. முட்டை வெளியாகும் நாட்களை ஒட்டி அது உச்சத்துக்குப் போனது. அதைவிட முக்கியமானது, பெண் எலிகளுக்கு மருந்து சீக்கிரமே பழகிவிட்டது. அதாவது, அதே வலி குறைய இன்னும் அதிகம் தேவைப்பட்டது.

"பீரியட்ஸ் வலிக்கு நல்லதாமே" என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கு. முதல் தடவை வலி குறைந்த மாதிரி இருக்கலாம், நான் மறுக்கலை. மாதாமாதம் தொடர்ந்தால், அளவு ஏறும். மனிதர்களிலும், முதல் பயன்பாட்டிலிருந்து அடிமையாகும் நிலைக்குப் பெண்கள் ஆண்களைவிட வேகமாகப் போவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு வலி என்றால் அது எண்டோமெட்ரியோசிஸாகக்கூட இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்க அம்மா. "எல்லாப் பொண்ணுக்கும் இருக்கிறதுதான்"னு சொல்லி விடாதீங்க. நாம் காதுகொடுத்துக் கேட்காத வலியைத்தான் ரீல்ஸ் கேட்டுக்கொள்கிறது.

இத்தாலியின் இன்சுப்ரியா பல்கலைக்கழகத்தில் 2008-ல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு மறக்க முடியாதது. பதின்ம வயதுக்கு இணையான பருவத்தில் எலிகளுக்குச் சில நாட்கள் மட்டும் டி.எச்.சி. கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அவை வளர்ந்த பிறகு சோதித்தார்கள். தண்ணீரில் விட்டபோது, பெண் எலிகள் நீந்திப் போராடுவதைச் சீக்கிரமே கைவிட்டு மிதந்தன. ஆண் எலிகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. இனிப்புத் தண்ணீர் மீதான ஆசை மட்டும் இரண்டு பக்கமும் குறைந்திருந்தது. மருந்து நின்று பல நாள் ஆகியும் இந்த நிலை.

எலி வேறு, நம்ம பொண்ணு வேறு என்பது எனக்கும் தெரியும். மனித ஆய்வுகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. கஞ்சாவையும் மனச்சிதைவையும் இணைத்துப் பேசவைத்த, 1987-ல் வெளிவந்த பிரபலமான ஸ்வீடன் ஆய்வு, ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியது. அத்தனை பேரும் ஆண்கள்! நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வில் இரு பாலரும் உண்டு. பதின்ம வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களுக்கு ஐ.க்யூ. 8 புள்ளி வரை குறைந்ததாக 2012-ல் சொன்னார்கள். பிறகு வந்த இரட்டையர் ஆய்வு, குடும்பச் சூழலும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது. இந்த விவாதம் முடியவில்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 குழந்தைகளை 9, 10 வயதிலிருந்தே பின்தொடரும் ஆய்வு இப்போது நடக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: விடை வரும்வரை நம்ம பிள்ளைங்க சோதனை எலியாக இருக்கணுமா?

ஏற்கெனவே பழகிவிட்டது தெரிந்தால்? அடிக்காதீங்க, போனைப் பிடுங்காதீங்க. முதல் வேலையாக 14416-க்குப் பேசுங்க. இது டெலி மனஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். போதை மீட்பு ஆலோசனைக்கென்றே உள்ள தேசிய எண் 14446.

"போலீஸ் கேஸ் ஆகிடுமோ" என்ற பயத்தில் பல குடும்பங்கள் வாயே திறப்பதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியது, சிறிய அளவில் வைத்திருந்தது போன்ற குற்றங்களுக்கு வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்தச் சலுகை போகலாம், அதனால் சிகிச்சையை முடிக்கணும். அதேசமயம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு, சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கும். "சும்மா ஒரு இழுப்பு, ஃப்ரீதான்"னு நீட்டுகிற அண்ணனுக்கும் இது பொருந்தும்.

தங்கச்சிகளே, இப்போ போனை எடுத்து ரெண்டு நம்பரையும் சேவ் பண்ணிக்கோங்க. கேள்வி இருந்தா கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேட்கத் தயக்கமா இருந்தா, சீட்டில் எழுதிக் கொடுங்க. பேர் போட வேண்டாம்.