வண்டி ஆடினால் ஓட்டுபவரை மட்டும் திட்டாதீர்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தண்ணீர், குப்பை, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். எனக்கு ஐந்து நிமிடம் போதும். நான் மெக்கானிக் இல்லை. மகனை அநியாயமாகத் திட்டிய ஓர் அப்பா, அவ்வளவுதான்.

எங்கள் பைக்குக்கு எட்டு வயது. மகன் வாரம் ஒருமுறை தங்கையைப் பின்னால் உட்கார வைத்து சேலம் போய் வருவான். "தொப்பூர் இறக்கத்தில் வளைவு வந்தால் வண்டி பின்பக்கம் ஆடுதுப்பா" என்றான். "நீ வேகமாகப் போகிறாய், அதுதான்" என்றேன். தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நானே நாலு ரோடு வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பின் டயரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம். ஆட்டம் போகவில்லை. மறுபடியும் மகனுக்குத்தான் திட்டு.

ஒரு நாள் மகள் சொன்னாள்: "நான் உட்காராதப்போ ஆடுறதில்லையாம்பா." அங்கேதான் பிடி கிடைத்தது. நானும் ஒர்க்‌ஷாப்காரரும் தனியாகத்தானே ஓட்டிப் பார்த்தோம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த மெக்கானிக்கை நம் பார்க்கிங்குக்கே அழைத்தேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் காற்று. இருவர் போக பின் டயரில் 33 இருக்க வேண்டும், 24தான் இருந்தது. நிரப்பி, இருவராக ஓட்டினோம். ஆட்டம் குறைந்தது, போகவில்லை. அடுத்து கோன் செட். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்பினால் எங்கும் சிக்கவில்லை. ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டினாலும் லூஸ் இல்லை. பிறகு டபுள் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டினார். பேரிங் நன்றாக இருந்தது. கடைசியில், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினார். "டக்" என்று சத்தம். புஷ் தேய்ந்து போயிருந்தது. தனியாகப் போகும்போது தெரியாது. பின்னால் எடை ஏறி, வளைவில் சாயும்போது பின் சக்கரம் கோணிக்கொள்ளும். புஷ்ஷை மாற்றியதோடு ஆட்டம் நின்றது. டயருக்குக் கொடுத்ததில் கால்வாசிகூடச் செலவாகவில்லை.

அன்று அவர் சொன்ன இன்னும் சில விஷயங்கள்: மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் உதறினால் கோன் செட்டையும் முன் டயரையும் பாருங்கள். வண்டி ஒரு பக்கமே இழுத்தால், செயின் இறுக்கும் இடத்தில் இரு பக்கக் கோடுகளும் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்.

பிள்ளைகள் "வண்டி சரியில்லை" என்றால் முதலில் கேளுங்கள்: எந்த வேகத்தில்? நேர் ரோட்டிலா, வளைவிலா? தனியாகவா, பின்னால் ஆளோடா? நான் இதைக் கேட்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை என் இரண்டு பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் தொப்பூர் இறங்கினார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள்: காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கி, செக்யூரிட்டி அறையில் வைக்கலாம். செலவு என்னுடையது.