வறட்சி அறிவிப்பில் நகராட்சிகளின் இடம்



வறட்சி நிவாரணமும் உள்ளாட்சி அமைப்புகளும் என்னும் பொருளில் கூடியுள்ள இக்கருத்தரங்கு ஆராய வேண்டிய வினாக்கள் பல. அவற்றுக்கெல்லாம் அடிப்படையானது, ஓர் ஊர் வறட்சியால் பாதிக்கப்பட்டது என்று அரசு அறிவிக்கும்போது எதை அளந்து அவ்வாறு அறிவிக்கிறது என்பதே. இந்தியாவில் அந்த அளவுகோல் விளைநிலத்தை நோக்கி அமைந்தது என்பதும், குடிநீர் வழங்கும் கடமையைச் சுமக்கும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அதன் விளிம்பிலேயே நிற்கின்றன என்பதும் இத்தலைமையுரை முன்வைக்கும் கருத்தாகும்.

சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்திற்குப் பின் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதன் வழியாக 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. மழை பொய்த்தல், விளைச்சல் குன்றல், தானிய விலை ஏறுதல், மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்தல் ஆகியவற்றைக் கண்டு நிவாரணப் பணிகளைத் தொடங்க வழிசெய்த அத்தொகுப்பை நடைமுறைப்படுத்தியது வருவாய்த் துறை. முழு விளைச்சலைப் பதினாறு அணாவாகக் கொண்டு பயிர்ச்சேதத்தை மதிப்பிடும் ‘அணாவாரி’ முறை பம்பாய் மாகாணம் முதலிய பகுதிகளில் நெடுங்காலம் வழங்கியது. நிலவரியைத் தள்ளுபடி செய்வதா, ஒத்திவைப்பதா என்பதே அன்றைய நிர்வாகத்தின் முதன்மைக் கவலையாக இருந்ததால், வறட்சி என்றாலே வயல்தான் கணக்கில் வந்தது.

விடுதலைக்குப் பின் அளவைகள் நுட்பம் பெற்றன. ஸ்வராஜ் அபியான் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் 2016 மே 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வறட்சியை ஒப்புக்கொள்ள மாநிலங்கள் காட்டிய தயக்கத்தைக் கடிந்து, வறட்சி மேலாண்மைக் கையேட்டைத் திருத்துமாறு பணித்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான புதிய கையேட்டின்படி, மழைப் பற்றாக்குறை முதற்படியாகவும், அதன் விளைவைக் காட்டும் பயிர்ப்பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிர்ச்செழுமை, மண்ணின் ஈரப்பதம், நீர்நிலை நிலவரம் என்னும் நான்கும் அடுத்த படியாகவும் கொள்ளப்பட்டு, களச் சரிபார்ப்புக்குப் பின் வறட்சி ‘மிதமானது’ அல்லது ‘கடுமையானது’ என வகைப்படுத்தப்படுகிறது. அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி கோருவதற்குக் ‘கடுமையானது’ என்னும் வகைப்பாடு இன்றியமையாதது. நான்கு விளைவுச் சான்றுகளுள் மூன்று பயிரையும் மண்ணையும் பற்றியவை என்பதும், குழாயில் வரும் நீரின் அளவு அவற்றுள் ஒன்றாக இல்லை என்பதும் கருதத்தக்கன.

இதன் விளைவைத் தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்ததையடுத்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்டன. நிலவரி தள்ளுபடியும், நெற்பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் இடுபொருள் நிவாரணமும் வழங்கப்பட்டன. மாநிலம் கோரிய தொகை 39,565 கோடி ரூபாய். வறட்சிக்கெனத் தேசிய நிதியிலிருந்து ஒப்பளிக்கப்பட்டது ஏறத்தாழ 1,748 கோடி ரூபாய். 2019 மார்ச்சில், நீர்நிலைகளும் நிலத்தடி நீரும் வற்றுவதைக் குறிக்கும் ‘நீரியல் வறட்சி’ என்னும் பெயரில் 24 மாவட்டங்கள் அறிவிக்கப்பட்டபோது, அறிவிப்பின் மொழி நகரத்தை ஓரளவு நெருங்கியது. ஆயினும் அவ்வாண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னையின் அன்றாட வழங்கல் சுமார் 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டு, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது.

அரசமைப்பின் 74ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, வீடு, தொழில், வணிகம் ஆகியவற்றுக்கான நீர்வழங்கலை நகர்ப்புற உள்ளாட்சிக்கு ஒப்படைக்கத்தக்க பணியாகக் குறிக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமோ உள்ளாட்சியை மாநில, மாவட்டத் திட்டங்களைச் செயற்படுத்தும் கருவியாகவே கொள்கிறது. நிவாரண நிதியின் விதிமுறைகளில் நகர்ப்புற அவசரக் குடிநீருக்கு இடமுண்டு. எனினும் அது மதிப்பீட்டுக்கும் காலவரம்புக்கும் உட்பட்ட லாரித் தண்ணீர்ச் செலவே. புதிய ஆழ்துளைக் கிணறு, குழாய்க் கசிவு சீரமைப்பு, தொலைவிலிருந்து நீரேற்றும் மின்கட்டணம் எனத் தொடரும் சுமை நகராட்சியின் பொதுநிதியையே சேர்கிறது.

இதற்கு மாறான ஓர் அமைப்பைத் தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் காணலாம். பேரிடர் உள்ளூர், மாகாணம், தேசியம் என மூன்றாக வகைப்படுத்தப்பட்டபின், உள்ளூர்ப் பேரிடரை அறிவிக்கும் அதிகாரம் நகராட்சி மன்றத்துக்கே உண்டு. அறிவிப்பு மூன்று மாதங்களில் காலாவதியாகும், அதன்பின் மாதம் மாதமாக நீட்டிக்கலாம். இவ்வாறே கேப் டவுன் மாநகரம் 2017 மார்ச்சில் உள்ளூர்ப் பேரிடரை அறிவித்தது. மே மாதத்தில் மேற்குக் கேப் மாகாணமும், 2018 மார்ச்சில் தேசிய அரசும் தத்தம் நிலையில் அறிவித்தன. நகராட்சி உதவி கோரும்போது, தடுப்பு நடவடிக்கைகள் முன்னரே எடுக்கப்பட்டனவா, இல்லையெனில் ஏன் என்பதையும் கருதலாம் என்கிறது அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு.

ஆனால் அறிவிக்கும் அதிகாரம் மட்டுமே நகராட்சியைக் காக்காது என்பதையும் கேப் டவுன் உணர்த்தியது. 2018 பிப்ரவரியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்னும் வரம்பு நடைமுறைக்கு வந்து நுகர்வு குறைந்தபோது, அளவுக்கேற்ற கட்டணத்தை நம்பிய மாநகர வருவாயும் குறைந்தது. வருவாய் இழப்பை ஈடுகட்ட அதற்கு முன்பே முன்மொழியப்பட்டிருந்த வறட்சிக் கட்டணம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டிருந்தது. குடிமக்களின் சிக்கனமே நகராட்சிக்கு நட்டமாகும் இம்முரணைப் பயிர்ச்சேதக் கணக்கு ஒருபோதும் காட்டாது. தமிழக நகரங்கள் பெரும்பாலானவற்றில் மாதாந்திர நிலைக்கட்டணமே வழக்கில் இருப்பதால், இங்கே நெருக்கடி வருவாய்ச் சரிவாக அன்றிச் செலவுப் பெருக்கமாகவே தோன்றும். அதுபோலவே 57ஆம் பிரிவின் அணுகுமுறை பொறுப்புணர்வை வளர்க்கக் கூடும் எனினும், பொறியாளரே இல்லாத சிறு பேரூராட்சியை அதன் வறுமைக்காகத் தண்டிப்பதாகவும் முடியலாம்.

இந்தியப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 2025ஆம் ஆண்டுத் திருத்தம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழிசெய்திருப்பது வரவேற்கத்தக்கது. நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அதற்கு வெளியே நிற்பது குறையே. எனவே, கையிருப்பு நீர் எத்தனை நாளுக்குப் போதும், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கிடைக்கிறது என்னும் இரு அளவுகளை வறட்சிக் கையேட்டில் தனிச் சான்றாகச் சேர்ப்பதும், அவை வரம்புக்குக் கீழே இறங்கிய உடனே மாநில நிதியிலிருந்து ஒரு பகுதி தானாக விடுவிக்கப்படுவதும் ஆராயத்தக்கன. அவ்வரம்பை வகுப்பது யார், பொய்க்கணக்கைத் தடுப்பது எப்படி, சிறிய ஊர்களுக்குத் தளர்வு எவ்வளவு என்பனவற்றுக்கு, நகராட்சிகளின் வரவுசெலவு ஏடுகளைச் சான்றாகக் கொண்டு கட்டுரையாளர்கள் விடை காண வேண்டும் என்ற வேண்டுகோளுடன் இக்கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.